கார்ட்டூனுக்கு நடுவே ஒரு மாமா: அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியில் தொகுப்பாளர் ஏன் காணாமல் போனார்?

யூடியூபில் பொம்மை பிரித்துக் காட்டும் சிறுவர் சேனல்கள்மீது அமெரிக்காவில் புகார் எழும்போதெல்லாம் செய்திகளில் ‘ஹோஸ்ட் செல்லிங்’ என்றொரு சொல் தலைகாட்டுகிறது. குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் தொகுப்பாளரோ கார்ட்டூன் பாத்திரமோ, தன் நிகழ்ச்சிக்குள்ளேயே பொருள் விற்பதைக் குறிக்கும் சொல் அது. அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் இதற்குத் தடை உண்டு. யூடியூபில் தினமும் நடக்கிறது. பல வீடுகளில் இரண்டையும் பார்ப்பது ஒரே குழந்தை, ஒரே டிவியில். ஒன்றுக்குத் தடை, இன்னொன்றுக்கு இல்லை என்றால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும்.

இந்த விதி எதற்காக வந்தது என்று புரிய, இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்ட ஒரு நிகழ்ச்சி வடிவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேடம் போட்ட பெரியவர் ஒருவர், சில கார்ட்டூன்கள், நடுநடுவே பாட்டு. அமெரிக்கக் குழந்தைகளின் இரண்டு தலைமுறை இதைப் பார்த்துத்தான் வளர்ந்தது. அந்தப் பெரியவர்மேல் குழந்தை வைத்த நம்பிக்கைதான் இந்த வடிவத்தை ஓடவைத்தது. அதைச் சிக்கலில் மாட்டிவிட்டதும் அதே நம்பிக்கைதான்.

தொகுப்பாளர் எதற்குத் தேவைப்பட்டார்?

முதல் காரணம் கலை அல்ல, கடிகாரம்.

1950களில் தொலைக்காட்சிக்குக் கிடைத்த கார்ட்டூன்கள் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவை அல்ல. திரையரங்கில் முக்கியப் படத்துக்கு முன்னால் போடுவதற்காக எடுத்த ஆறேழு நிமிடக் குறும்படங்கள். 1956இல் அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனம் வார்னர் பிரதர்ஸின் பழைய கார்ட்டூன்களையும், 230க்கும் மேற்பட்ட பாப்பாய் படங்களையும் வாங்கி உள்ளூர் நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டது. சரக்கு குவிந்தது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், நடுவில் விளம்பரத்துக்கு இடமும் கிடையாது. நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குச் சரியாக முடிய வேண்டிய நிகழ்ச்சியை இவற்றை மட்டும் அடுக்கி நிரப்ப முடியாது.

அங்கேதான் ஆள் தேவைப்பட்டார். நிலையத்தில் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கும் அறிவிப்பாளரையோ வானிலை சொல்பவரையோ பிடித்து, கப்பல் கேப்டன், கௌபாய், கோமாளி என்று ஏதாவது ஒரு வேடம் போட்டு நிறுத்தினார்கள். இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் இரண்டு நிமிடம் பேசுவார். முப்பது விநாடிதான் என்றால் கையசைத்துவிட்டு அடுத்த கார்ட்டூனுக்குப் போய்விடுவார். நேரலை என்பதால் இழுக்கவும் சுருக்கவும் முடிந்தது.

பாட்டும் அப்படித்தான் வந்தது. பெரிய அரங்கம் வேண்டாம். ஒரு பியானோ போதும், அதுவும் இல்லையென்றால் இசைத்தட்டைச் சுழலவிட்டு அதற்கு அபிநயம் பிடித்தாலே போதும். கூடவே இன்னொரு பலனும் கிடைத்தது. கார்ட்டூன் ஓடும்போது குழந்தை சும்மா பார்க்கும். பாட்டு வந்தால் எழுந்து ஆடும், கூடப் பாடும். நாளடைவில் திரையில் இருப்பவர் வீட்டு மனிதர் ஆகிவிடுவார். நம் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவரைக் குழந்தைகள் ‘வானொலி அண்ணா’ என்று உறவுமுறை வைத்துக் கூப்பிட்டதும் இப்படிப்பட்ட நெருக்கத்தால்தான்.

தேசிய வலையமைப்புகளும் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன. 1947இல் என்பிசியில் தொடங்கிய ‘ஹவ்டி டூடி’ பொம்மலாட்டமும் பாட்டுமாக 1960 வரை ஓடியது. 1955 அக்டோபர் 3 ஒரே நாளில் இரண்டு முக்கிய நிகழ்ச்சிகள் பிறந்தன. ஒன்று சிபிஎஸ்ஸின் ‘கேப்டன் கங்காரூ’. பாப் கீஷான் என்பவர் நடத்திய அது 1984 வரை நீடித்தது. இன்னொன்று ஏபிசியில் டிஸ்னியின் ‘மிக்கி மவுஸ் கிளப்’. ஜிம்மி டாட் கித்தாருடன் முன்னால் நிற்க, எலிக்காது தொப்பி அணிந்த சிறுவர்கள் பாடி ஆட, கூடவே ஒரு பழைய டிஸ்னி கார்ட்டூன்.

உள்ளூர் நிகழ்ச்சிகளில் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரின் ‘வாலஸ் அண்ட் லாட்மோ’வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1954 முதல் 1989 வரை கேபிஎச்ஓ நிலையத்தில் ஓடிய நிகழ்ச்சி அது. கார்ட்டூன்களுக்கு நடுவே பெரியவர்களும் சிரிக்கிற மாதிரியான கேலி நாடகங்கள் வரும். இசைப் பொறுப்பு மைக் கண்டெல்லோ என்ற இளைஞருடையது. அந்தக் காலத்து ராக் பாடல்களையே நையாண்டி செய்து வாசிப்பார். நிகழ்ச்சியில் வேடிக்கைக்காக உருவாக்கிய ‘ஹப் கேப் அண்ட் த வீல்ஸ்’ என்ற கற்பனை இசைக்குழு 1964இல் நிஜமாகவே பிரபலமாகி, கேபிடல் ரெக்கார்ட்ஸ் அதை ஒப்பந்தம் செய்தது. கேலிக்குப் போட்ட வேடத்துக்கு இசைத்தட்டு நிறுவனம் தேடிவந்தது என்றால், ஊருக்கும் நிகழ்ச்சிக்கும் இருந்த ஒட்டுதலை ஊகித்துக்கொள்ளலாம்.

விளம்பரம் எந்த வழியாக உள்ளே வந்தது?

1. தொகுப்பாளரே வேடத்தோடு நின்று விளம்பரம் சொல்வது. கார்ட்டூன் முடியும். கேப்டன் திரும்புவார், ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, “நான் இதைத்தான் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள்” என்கிற பாணியில் பேசுவார். அதே குரல், அதே சிரிப்பு. நிகழ்ச்சி எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்பது தெரியாது.

2. பரிசாக வருவது. வாலஸ் அண்ட் லாட்மோவில் குழந்தைகள் உயிரை விட்டது ‘லாட்மோ பை’க்காக. காகிதப் பைக்குள் சிப்ஸ், மிட்டாய், குளிர்பானம் எல்லாம் இருக்கும். கொடுத்தவர்கள் நிகழ்ச்சியின் விளம்பரதாரர்கள்.

3. நிகழ்ச்சியின் பெயரிலேயே நிறுவனம் இருப்பது. 1968இல் என்பிசியில் ஹானா-பார்பரா தயாரித்த ‘பனானா ஸ்ப்ளிட்ஸ்’ நான்கு விலங்கு வேடக்காரர்கள் கொண்ட ராக் இசைக்குழு. கார்ட்டூன்களை அறிமுகப்படுத்துவதும் நடுவில் பாடுவதும் அவர்கள்தான். காலை உணவு தயாரிக்கும் கெல்லாக்ஸ்தான் அதன் புரவலர். தலைப்பில் அதன் பெயரே முதலில் வரும்.

இதில் எவ்வளவு பணம் இருந்தது என்பதற்கு ஒரு கதை. 1955இல் மேட்டல் அப்போது சின்ன பொம்மை நிறுவனம். ‘மிக்கி மவுஸ் கிளப்’பில் ஓர் ஆண்டு முழுக்க விளம்பரம் செய்ய 5 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய நிறுவனத்தின் மொத்த மதிப்பே அவ்வளவுதான். அதுவரை பொம்மைக் கடைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மட்டும்தான் விளம்பரத்தைப் பற்றி யோசிப்பார்கள். மேட்டலின் பொம்மைத் துப்பாக்கி அந்த ஆண்டு கையிருப்பு தீருமளவுக்கு விற்றது. பெற்றோரைத் தாண்டி நேராகக் குழந்தையிடம் பேசினால் விற்கும் என்பதைத் தொழில்துறை அன்று கற்றுக்கொண்டது.

கோமாளி போஸோவின் கதை இன்னும் சுவையானது. 1946இல் கேபிடல் ரெக்கார்ட்ஸ் குழந்தைகளுக்கான இசைத்தட்டுக்காக உருவாக்கிய பாத்திரம் அது. பின்னர் லாரி ஹார்மன் உரிமையை வாங்கி, ஊருக்கு ஒரு போஸோ என்று நிலையங்களுக்குக் குத்தகைக்கு விட்டார். கார்ட்டூனும் உடையும் அவர் தருவார். உள்ளே இருக்கும் ஆள் உள்ளூர்க்காரர். வாஷிங்டன் நகரில் அந்த வேடம் போட்டவர் வில்லார்ட் ஸ்காட். அங்கே அந்த நிகழ்ச்சி நின்றதும் உள்ளூர் மெக்டொனால்ட்ஸ் உணவகக்காரர்கள் அவரை வைத்தே 1963இல் வேறொரு கோமாளியைத் தொலைக்காட்சியில் இறக்கினார்கள். ரொனால்ட் மெக்டொனால்ட் பிறந்தது அப்படித்தான்.

இந்த நம்பிக்கையின் பலம் சில நேரம் வேடிக்கையாகவும் வெளிப்பட்டது. 1965 புத்தாண்டு தினத்தன்று நியூயார்க்கில் சூப்பி சேல்ஸ் என்ற தொகுப்பாளர் நேரலையில் ஒரு குறும்பு செய்தார். அப்பா அம்மா தூங்கும்போது அவர்கள் பையில் இருக்கும், தாடிக்காரர்கள் படம் போட்ட பச்சைக் காகிதங்களை எடுத்துத் தனக்குத் தபாலில் அனுப்பச் சொன்னார். டாலர் நோட்டைத்தான் சொன்னார். நிலையம் அவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்தது, பெரியவர்கள் சிரித்தார்கள், அவர் மேலும் பிரபலமானார். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்துப் பாருங்கள்: ஒரு டிவி மாமா சொன்னால் குழந்தை எதுவரை போகும்?

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

1968இல் மாசசூசெட்ஸ் மாநிலம் நியூட்டனில் சில தாய்மார்கள் ஒரு வீட்டின் வரவேற்பறையில் கூடி ‘ஆக்ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முகமாக இருந்தவர் பெக்கி சாரன். நிகழ்ச்சிகளைத் தடை செய்யச் சொல்வது தங்கள் வேலையல்ல, விற்பனையைத்தான் வெளியேற்ற வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். 1970இல் இந்த அமைப்பு, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி ஆணையத்திடம் மனு கொடுத்தது. சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரமே கூடாது, தொகுப்பாளர் எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது, ஒவ்வொரு நிலையமும் வாரம் 14 மணி நேரம் சிறுவர் நிகழ்ச்சி தர வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். பொதுமக்களிடமிருந்து ஆணையத்துக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. முதலில் இறங்கிவந்தது தொழில்துறைதான். ஒளிபரப்பாளர் சங்கம் தன் நடத்தை விதியைத் திருத்தி, தொகுப்பாளர் விற்பனையை 1973 முதல் விலக்கியது. 1974இல் எஃப்சிசி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. இன்றைய விதியின் அடிப்படை அதுதான்.

விதி சொல்வது என்ன?

1. தொகுப்பாளரோ நிகழ்ச்சியின் பாத்திரமோ தன் நிகழ்ச்சிக்குள்ளும் அதை ஒட்டிய இடைவேளையிலும் பொருள் விற்கக் கூடாது. வேறு நிகழ்ச்சியின்போது விற்கலாம். ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் என்ற கார்ட்டூன் தொடரின் பாத்திரங்கள் வரும் காலை உணவு விளம்பரத்தை ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் ஓடும்போது போட முடியாது. வேறொரு நிகழ்ச்சியில் போடலாம். (இதே ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடக்க ஆண்டுகளில் பெரியவர்களுக்கான மாலை நேரத் தொடராக ஓடியபோது சிகரெட்டே விற்றது. அது தனிக்கதை.)

2. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே தெளிவான பிரிப்பு வேண்டும். “சின்ன இடைவேளைக்குப் பிறகு திரும்ப வருகிறோம்” என்று சிறுவர் சேனல்களில் வரும் அந்தச் சில விநாடித் துணுக்கு அழகுக்காக வந்தது அல்ல.

3. நிகழ்ச்சியில் வரும் பொருளின் விளம்பரமே அந்த நிகழ்ச்சிக்குள் வந்தால், முழு நிகழ்ச்சியும் விளம்பரமாகக் கணக்கிடப்படும். அரைமணி நேரமும் விளம்பரம் என்றால் அனுமதி வரம்பு தாண்டியது என்றுதானே பொருள்?

4. அந்த வரம்பு: 1990ஆம் ஆண்டின் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டப்படி, 12 வயது வரையிலான குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் மணிக்கு வார இறுதியில் 10.5 நிமிடம், வார நாட்களில் 12 நிமிடம். ஒளிபரப்பு நிலையங்களுக்கும் கேபிளுக்கும் பொருந்தும்.

இது வெறும் காகித விதியும் அல்ல. 2004இல் நிக்கலோடியன் சேனலின் உரிமையாளரான வயாகாம் 10 லட்சம் டாலரும், ஏபிசி ஃபேமிலி 5 லட்சம் டாலரும் கட்ட வேண்டி வந்தது.

இவ்வளவு கண்டிப்புக்குப் பின்னால் குழந்தையின் மூளை வளர்ச்சி பற்றிய புரிதல் இருக்கிறது. நான்கைந்து வயதுக் குழந்தைக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்ற வித்தியாசமே சரியாகப் பிடிபடாது. வித்தியாசம் தெரிந்த பிறகும், ‘இவர் என்னை வாங்க வைக்கப் பார்க்கிறார்’ என்ற நோக்கம் புரிய ஏழெட்டு வயது ஆகும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004இல் இதைத் தொகுத்துச் சொன்னது.

அப்படியென்றால் விதிதான் தொகுப்பாளரைக் கொன்றதா?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பாதிதான் சரி.

உள்ளூர் ரொட்டிக் கடையும் பால் நிறுவனமும் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது விளம்பர நேரத்துக்காக மட்டுமல்ல, கேப்டன் தன் வாயால் சொல்வதற்காக. அது போனதும் அவர்களுக்கு அந்த இடத்தின் மதிப்பு குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் பல ஊர்களில் நிகழ்ச்சிகள் நின்றன. இதுவரை உண்மை.

ஆனால் தடை வந்த பிறகும் வாலஸ் அண்ட் லாட்மோ பதினாறு ஆண்டுகள் ஓடியது. சிகாகோவின் போஸோ 2001 வரை தாக்குப்பிடித்தார். விதி மட்டுமே காரணம் என்றால் இவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? என் கணிப்பில் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

1984இல் ரொனால்ட் ரீகன் ஆட்சியின் எஃப்சிசி அன்றிருந்த விளம்பர நேர வரம்புகளைக் கைவிட்டது. பொம்மையை அடிப்படையாக வைத்து எடுத்த கார்ட்டூன்கள் மீதான பழைய கண்டிப்பும் தளர்ந்திருந்தது. 1969இல் மேட்டலின் கார் பொம்மையை வைத்து ஏபிசி ‘ஹாட் வீல்ஸ்’ கார்ட்டூன் போட்டபோது போட்டி நிறுவனம் புகார் செய்து, அது விளம்பரமே என்று எஃப்சிசி சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1983இல் அதே மேட்டலின் ‘ஹீ-மேன்’ எந்தத் தடையுமில்லாமல் வந்தது.

இப்படிப்பட்ட பொம்மைக் கார்ட்டூன்களின் வியாபார முறைதான் கவனிக்க வேண்டியது. வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம் என்று கணக்குப் போட்டு 65 அத்தியாயங்களாக எடுத்தார்கள். ஒவ்வொன்றும் விளம்பர இடைவெளியோடு அரைமணிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பல தொடர்களை நிலையம் காசு கொடுத்துக்கூட வாங்க வேண்டியதில்லை. விளம்பர நேரத்தில் ஒரு பங்கை விநியோகஸ்தருக்கு விட்டுக்கொடுத்தால் போதும்.

கடிகாரத்தை நிரப்பத்தானே தொகுப்பாளர் வந்தார்? இப்போது கார்ட்டூனே கடிகாரத்தை நிரப்பிவிட்டது. அரங்கு, விளக்கு, பியானோக்காரர், கேமராக்காரர் எல்லாம் வீண் செலவாகத் தெரிந்தன. விற்பனையும் நிற்கவில்லை. முன்பு மாமா பொம்மையைக் கையில் பிடித்துக் காட்டினார். இப்போது பொம்மையே கதாநாயகன். அந்தப் பொம்மையின் விளம்பரத்தைத் தன் தொடருக்குள் மட்டும் போடாமல் பார்த்துக்கொண்டால் சரி, விதி மீறப்படவில்லை. தாய்மார்கள் கேட்டது இதுவல்ல என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிறுவர் தொலைக்காட்சி மசோதாவுக்கு ரீகன் கையெழுத்திட மறுத்தார். 1990இல் வந்த மசோதா அடுத்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கையெழுத்து இல்லாமலே சட்டமானது. அதற்குள் உள்ளூர் அரங்குகள் பெரும்பாலும் காலி.

பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது

தொகுப்பாளர் போனாலும் இசை போகவில்லை, வடிவம் மாறியது. தன் மகனுக்கு வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை, ராக் பாடல் வரிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன என்று கவனித்த விளம்பர நிறுவன அதிகாரி டேவிட் மெக்கால், பாடத்தையே பாட்டாக்கச் சொன்னார். 1973இல் ஏபிசியில் ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ வந்தது: மூன்று நிமிடப் பாட்டு, அதற்கு கார்ட்டூன், தொகுப்பாளர் இல்லை. விளம்பர உலகின் உத்தியை எடுத்துப் பெருக்கலும் இலக்கணமும் ‘விற்றார்கள்’. இதற்கு நான்கு ஆண்டு முன்பே ‘செசமி ஸ்ட்ரீட்’ அதே உத்தியை எழுத்துகளுக்கும் எண்களுக்கும் பயன்படுத்தியது. அது வணிக விளம்பரம் இல்லாத பொதுத் தொலைக்காட்சியில் வந்ததால் மனிதர்களை வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

யூடியூபில் என்ன நடக்கிறது?

எஃப்சிசியின் அதிகாரம் ஒளிபரப்பு, கேபிள், செயற்கைக்கோள் சேவைகளோடு நிற்கிறது. இணைய வீடியோ அதன் எல்லைக்கு வெளியே. அங்கே மாமா திரும்பி வந்துவிட்டார், பல நேரங்களில் குழந்தை வடிவத்தில். பாட்டு, பொம்மை, கொஞ்சம் அனிமேஷன், கேமராவைப் பார்த்துப் பேசும் பழகிய முகம். 1950களின் சரக்கு அப்படியே இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்காக. விளம்பரத்தின் உள்ளடக்கத்துக்காக அல்ல. இதன் விளைவாகச் சிறுவர் வீடியோக்களில் ஆளைக் குறிவைக்கும் விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

2. தொகுப்பாளர் விற்பனை பற்றிய புகார் வேறு. அதே ஆண்டு ‘ட்ரூத் இன் அட்வர்டைசிங்’ என்ற நுகர்வோர் அமைப்பு, புகழ்பெற்ற ஒரு பொம்மை விமர்சனச் சேனல்மீது எஃப்டிசி எனப்படும் வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. காசு வாங்கிச் செய்த வீடியோ என்பது பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைக்குப் புரியாது என்பதுதான் வாதம்.

முதல் நடவடிக்கை இரண்டாவது சிக்கலைக் கூட்டியிருக்கலாம் என்பது என் ஊகம். தானாக வரும் விளம்பரத்தில் வருமானம் குறைந்தால், சேனல் நடத்துபவர் நிறுவனத்திடம் நேரடியாகக் காசு வாங்கிப் பொருளை வீடியோவுக்குள்ளேயே வைக்கத்தான் பார்ப்பார். எஃப்டிசியின் 2023 அறிக்கை, சிறுவர் உள்ளடக்கத்துக்குள் விளம்பரத்தைக் கலக்கவே வேண்டாம், இரண்டுக்கும் நடுவே தெளிவான பிரிப்பு வேண்டும் என்கிறது. எஃப்சிசி 1974இல் சொன்னதும் இதுதான். ஒரே வித்தியாசம், இது பரிந்துரை, விதி அல்ல.

இந்தியாவில்?

கேபிள் தொலைக்காட்சி விதிகள் மணிக்கு 12 நிமிட வரம்பையும், விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், நொறுக்குத்தீனி விளம்பரங்களைச் சிறுவர் நிகழ்ச்சியின்போதும் சிறுவருக்கென்றே உள்ள சேனல்களிலும் தடுக்கின்றன. எந்த ஊடகமாக இருந்தாலும் இவை பொருந்தும் என்பது அமெரிக்க விதியில் இல்லாத ஒன்று. காசு வாங்கிப் பரிந்துரைப்பவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு அது இன்னும் விரிவாகச் சொல்லப்பட்டது.

வெளிப்படையாகச் சொல்வது என்றால் நடைமுறையில் திரையில் ‘விளம்பரம்’ என்று எழுத்தில் போடுவது. நான்கு வயதில் அதைப் படிக்கவும் தெரியாது, பாட்டியோ தாத்தாவோ படித்துச் சொன்னாலும் அதன் உள்நோக்கம் புரியாது. பெரியவர்களை மனதில் வைத்து எழுதிய இந்த ஏற்பாடு பெரியவர்களுக்கு மட்டும்தான் உதவும்.